அரைக்கதவு இங்கிலீசு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஓர் அரைக்கதவு இருந்தது. இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, மேல் பாதியைத் திறந்து விட்ட கதவு. உள்ளே மருந்து கொடுப்பவர் நிற்பார், வெளியே நோயாளி நிற்பான். இருவருக்கும் நடுவே உருண்டையான கறுப்பு ரூலர் ஒன்று நீண்டிருக்கும். அது ஒபிஸ் ரூலர். கோடு போட வேண்டும் என்று வாங்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. "இங்கையோ நோகுது?" என்று அதன் நுனியால் வயிற்றில் ஓர் அழுத்து. "வாயைத் திற" என்று தாடையில் ஒரு தட்டு. அந்த ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ரூலரை நுனியிலிருந்து பிடி வரை துடைப்பார். அட்டை கடித்துச் சீழ் வைத்த காலோடு வருகிறவனுக்கு ஸ்பிரிட் இருக்காது. "முடிஞ்சு போச்சு, இன்னும் வரேல்லை" என்பார். அவர் சொன்னது உண்மைதான். ரூலர் குடித்திருக்கும்.

தோட்டம் முழுவதும் அவரை டொக்டரய்யா என்றது. அவர் டொக்டர் அல்ல. மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நான் அந்தத் தோட்டத்து ஒபிஸில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். மருந்துக் கணக்கு என் மேசைக்குத்தான் வரும் என்பதால் அவருடைய வைத்தியம் எனக்குத் தெரியும். வெள்ளைத் தண்ணி, சிவப்புத் தண்ணி, பேதி உப்பு, இவ்வளவுதான். கழுத்துக்கு மேலே நோவென்றால் வெள்ளை, கீழே என்றால் சிவப்பு, எங்கே என்று சொல்லத் தெரியாவிட்டால் பேதி உப்பு. போத்தல் கொண்டு வராதவன் திரும்பிப் போய்ப் போத்தலோடு வர வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஒரு முழு மலை இருந்தது.

அவர் யாழ்ப்பாணத்தவர். அதனால்தான் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதே ஊர்ப் பக்கம்தான். அவர் வந்த வாரத்திலேயே எங்கள் பிள்ளைகளிடம் "ஒடம்புக்கு என்னடா?" என்று கேட்கப் பழகி விட்டார். இவர் இத்தனை வருடமும் அரைக்கதவில் சாய்ந்துகொண்டு "என்ன வருத்தம்?" என்றுதான் கேட்டார். அவருடைய ஊரில் வருத்தம் என்றால் நோய். எங்கள் ஆட்களுக்கு வருத்தம் என்றால் மனசில் இருப்பது. கேட்கிறவர் மருந்துப் போத்தலைப் பார்த்தபடி கேட்பார். சொல்கிறவன் ஆகாயத்தைப் பார்த்தபடி சொல்வான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கறுப்பண்ணன் ஒருநாள் இருமலுக்கு மருந்து வாங்கப் போனார். மருந்துக் கணக்கு எடுக்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றேன்.

"என்ன வருத்தம்?"

"என்னத்தங்க சொல்ல. மூத்தவன் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிட்டான். பிரஜா உரிமை கேட்டு, நாங்க இங்கதான் பொறந்தோம்னா, பொறந்ததுக்குச் சாட்சி கொண்டான்னு சொல்றாங்க. எங்கப்பன் செத்தாரு, எங்காத்தா செத்துச்சு. யாருங்க வந்து சாட்சி சொல்லுவா?"

"நித்திரை வாறேல்லையோ?"

"எங்கிட்டுத் தூக்கம்."

"வயித்தால போகுதோ?"

"அது ஒழுங்காப் போவுதுங்க. அது ஒண்ணுதான் ஒழுங்காப் போவுது."

பேதி உப்பு கொடுத்தனுப்பினார். இருமலைப் பற்றிக் கறுப்பண்ணன் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. அந்த இருமலை அந்த லயத்தில் அடுத்த மழைக்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழே இருப்பவர்களுக்கு ரூலர் என்றால், மேலே இருப்பவர்களுக்கு அவரிடம் இன்னொரு கருவி இருந்தது. "யெஸ் சேர்." தோட்டத்துப் பெரிய துரை பேசத் தொடங்கும் முன்பே அது புறப்பட்டு விடும். இடுப்பு தானாக மடியும், ரூலர் முதுகுக்குப் பின்னால் போகும். ஒருமுறை அவருக்கே வயிற்றுக்குத்து வந்து துடித்தார். தோட்ட லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அங்கே இருந்த டொக்டர் குனிந்து, நோவு மேலேயா கீழேயா என்று இங்கிலீசில் கேட்டார்.

"யெஸ் சேர்."

வலமா, இடமா?

"யெஸ் சேர்."

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்தான் வலது பக்கம் என்று சொன்னேன். எங்கள் டிஸ்பென்சர் நன்றியோடு என்னைப் பார்த்து, பழக்கதோஷத்தில் எனக்கும் ஒரு "யெஸ் சேர்" போட்டார். குணமாகி வந்த பிறகு அதை நினைத்துக் கூசினாரா என்றால் இல்லை. "டொக்டர் கேக்கேக்கை எதிர்த்துக் கதைக்கக் கூடாது தம்பி" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் சனத்துக்கு இங்கிலீசு படிப்பித்தார்.

அது தொடங்கிய விதம் இது. மாதத்துக்கு ஒருமுறை நுவரெலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார டொக்டர் காரில் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்ப்பார். வயதானவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் எப்போதும் இருக்கும். நோயாளிகள் வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை எங்கள் டிஸ்பென்சர் இங்கிலீசில் சொல்ல வேண்டும். நோயாளி ஒரு பாட்டம் அழுது சொல்லி முடித்ததும் இவர் "ஃபீவர், சேர்" என்பார். அடுத்தவள் கையைக் காட்டி, காலைக் காட்டி, முதுகைக் காட்டிச் சொல்வாள். அதுவும் "ஃபீவர், சேர்". ஒருநாள் கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டியவனுக்கும் ஃபீவர் என்றதும் டொக்டருக்கு எரிச்சல் வந்து விட்டது. இதைவிட அவர்களே என்னிடம் சொன்னால் நல்லது என்றார். சலிப்பில் சொன்ன வார்த்தை அது.

"யெஸ் சேர்" என்றார் இவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரி வராந்தாவில் வகுப்பு ஆரம்பமாகி விட்டது. வகுப்புக்கு வராதவனுக்கு டொக்டர் வரிசையில் இடமில்லை என்று கங்காணிமார் மூலம் லயத்துக்கு லயம் சொல்லியனுப்பினார். ஆறு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்கள் ஏழாம் நாள் துணி துவைக்காமல், தலை பார்க்காமல், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து "ஹெட்" என்றார்கள். அவர் அரைக்கதவுக்கு உள்ளேயே நின்று, ரூலரால் தன் தலையைத் தொடாமல் காட்டுவார்.

"ஹெட்."

"கெட்டு."

"கெட்டு இல்லை, ஹெட். பெல்லி."

"பல்லி."

"கடைசியில சேர் போட வேணும். பெல்லி பெயின், சேர். தேங்க்யூ, சேர்."

அங்கே ராசாத்தி என்று ஒருத்தி இருந்தாள். வாய் சும்மா இருக்காது. "ஏங்க டொக்டரய்யா, தலையிலயும் சேறு, வயித்துலயும் சேறு, கடைசிலயும் சேறா? நாங்கதான் நாள் முச்சூடும் சேத்துல நிக்கிறோமே, இங்க வந்துமா பூசிக்கணும்?" என்றாள். வராந்தாவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவளை எழுப்பி நிற்க வைத்துப் "பெல்லி பெயின், சேர், தேங்க்யூ, சேர்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார், அவளுக்கு உண்மையிலேயே வயிறு வலிக்கும் வரை.

இலக்கணமும் இருந்தது. "ஒண்டு இல்லையெண்டா முன்னுக்கு நோ போடு. நித்திரை இல்லை, நோ ஸ்லீப். பசி இல்லை, நோ ஈட். விளங்குதோ?" விளங்கியது. இளைப்பு நோய்க்காரர் ஒருவர் அடுத்த டொக்டர் வரிசையில் நெஞ்சைத் தொட்டு "நோ பிரெத், சேர்" என்றார். மூச்சே இல்லை என்றால் நீ செத்தவன் அல்லவா என்று டொக்டர் சிரித்தார். இவரும் குலுங்கிச் சிரித்தார். இளைப்புக்காரரும் மூச்சு முட்டமுட்டச் சிரித்தார், பெரியவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் மரியாதை இல்லையே. அவருக்கு வெள்ளைத் தண்ணி கிடைத்தது.

"ஒரு வருத்தத்தை இங்கிலீசில சொல்லத் தெரியாட்டி அது வருத்தமில்லை, பஞ்சி" என்பது அவருடைய வாக்கு. பஞ்சி என்றால் அவர்கள் ஊரில் சோம்பல். எங்கள் ஆட்கள் அதைப் பஞ்சு என்று நினைத்து, அவர் கையில் இருந்த ஸ்பிரிட் பஞ்சைப் பார்த்தார்கள்.

குப்பாயி இந்த வகுப்புக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. அவள் ராசாத்தியின் அண்ணன் மனைவி. அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தவறிப்போனதால், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைத்தார்கள். அவளுக்கும் அதே கதைதான் தொடர்ந்தது. இரண்டு கரு கலைந்திருந்தது. இரண்டும் ஏழாம் நம்பர் மலையில், நனைந்த கூடையோடு ஏறும்போது. ஏழாம் நம்பர் செங்குத்து. ஆட்டுக்கே கால் வழுக்கும். இப்போது மூன்றாவது. மூன்று மாதம். இந்த முறை அந்த மலைக்குப் போகாமல், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலோ நாற்று மேட்டிலோ இலேசு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அது கிடைத்தால் பிள்ளை தங்கும் என்று நம்பினாள். நம்பியதில் பிழை ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. மாசமான பெண்ணை இலேசு வேலைக்கு மாற்ற வெள்ளைக்கார டொக்டர் தேவையில்லை, இங்கிலீசும் தேவையில்லை. டிஸ்பென்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் அவள் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு ஒபிஸுக்கு அனுப்பினால் போதும். நான் வேலைப் பதிவில் மாற்றி விடுவேன், கங்காணி வாயை மூடிக்கொள்வார். எங்கள் தோட்டத்தில் அதுதான் நடைமுறை. இவருக்கும் அது தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு யாராவது ஏன் போட்டாய் என்று கேட்டு விடலாம். அதனால் எல்லாவற்றையும் "டொக்டரிட்டைச் சொல்லு" என்று வரிசையில் நிறுத்தி விடுவார். அவர் கையெழுத்து மருந்துக் கணக்கில் மட்டும் அழகாக இருக்கும், ஸ்பிரிட்டுக்கு நேரே.

மாசமாக இருப்பதற்கு அவர் வகுப்பில் சொல் இல்லை. "அந்தக் கதையெல்லாம் இங்கை கதைக்கிறேல்லை" என்று விட்டார். குப்பாயிக்கும் ஒரு வெள்ளைக்காரன் முன்னால் அதைப் பச்சையாகச் சொல்லக் கூச்சம். எங்கள் பெண்கள் அதை எப்படிச் சொல்வார்களோ அப்படியே சொல்ல நினைத்தாள். தலைக்கு ஊத்தி மூணு மாசம் ஆச்சு. தீட்டு வந்தால்தான் தலைக்கு ஊற்றுவார்கள். ஊற்றவில்லை என்றால் வயிற்றில் பிள்ளை. தமிழ் பேசுகிற எந்த வீட்டிலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

வகுப்பு முடியும்போது அவள் எழுந்து, "டொக்டரய்யா, தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு இங்கிலீசுல என்னாங்க?" என்று கேட்டாளாம்.

"பாத்."

"மூணு மாசத்துக்கு?"

"த்ரீ மந்த்."

"இல்லைன்னா முன்னுக்கு நோ போடணுங்களே?"

"ஓம். போடு."

ஒரு கல்யாணமான பெண், தலைக்கு ஊற்றவில்லை, மூன்று மாதம் என்று மூன்று சொல்லையும் வரிசையாகக் கேட்கிறாள். அவருக்குப் புரியவில்லை என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் அவள் கொழுந்து பறித்துக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள் என்று ராசாத்தி பிறகு சொன்னாள். விரலும் வாயும் ஒரே தாளத்தில் போகுமாம். நோ பாத், ஒரு கை கொழுந்து. த்ரீ மந்த், மறு கை கொழுந்து. பக்கத்து நிரையில் இருந்தவர்கள் "என்னாடி, வெள்ளைக்காரிச்சி ஆயிட்டியா? நாளைக்குக் கங்காணிய வா போன்னு கூப்புடுவே போலயே" என்று கேலி செய்தார்களாம். "பொறக்குறது இங்கிலீசு பேசிக்கிட்டே பொறக்கும் பாரு" என்றாளாம் குப்பாயி.

டொக்டர் வந்த நாள் மழை. அன்று நான் ஒபிஸில் சம்பள வேலையில் இருந்தேன். நடந்ததை இரண்டு பேர் வாயால் கேட்டேன். ஒன்று ராசாத்தி, மற்றது அவரே. இரண்டு கதையும் அச்சாக ஒன்றாக இருந்தது. ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள், ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குப்பாயியின் முறை வந்தது. மழைக்குப் போட்டிருந்த கம்பளியை எடுத்துவிட்டு, கைகட்டி, பிசகில்லாமல் சொன்னாள்.

"குட்மோர்னிங், சேர். நோ பாத், சேர். த்ரீ மந்த், சேர். தேங்க்யூ, சேர்."

டொக்டர் ஓரடி பின்னால் போனார். மூக்கைச் சுளித்தார். இவரைப் பார்த்து, குட் காட், இவளுக்குச் சோப்பும் தண்ணீரும் கொடுத்துக் குளிக்க வையுங்கள், இப்போதே, தலையிலிருந்து கால் வரை என்றார். இவ்வளவு நேரம் அவளுக்கு அருகில் நின்றதற்காகத் தன் கைகளையும் கழுவினார்.

இவர் சொன்னது உங்களுக்குத் தெரியும்.

அந்த "யெஸ் சேர்" காதில் விழுந்ததும் குப்பாயியின் முகம் மலர்ந்ததாம். யெஸ் என்றால் சரி என்று வகுப்பில் படித்திருந்தாள். காரியம் முடிந்தது, நாளையிலிருந்து பிள்ளைக் காம்பரா என்று நினைத்து விட்டாள். பிறகு அவள் கையில் ஒரு கார்போலிக் சவுக்காரத்தைக் கொடுத்தார்கள். மாசமானவர்களுக்குக் கொடுக்கிற ஏதோ வெள்ளைக்கார மருந்து என்று எண்ணி, அதை முகர்ந்து பார்த்து, "ராசாத்தி, இதக் கரைச்சுக் குடிக்கணுமா, கடிச்சுத் திங்கணுமாடி?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பீலி. மலையிலிருந்து தகரக் குழாயில் இறங்கி வந்து விழும் தண்ணீர். அந்த மாதத்தில் அதில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். ஆஸ்பத்திரி ஆயா அவளை அதன் கீழே நிறுத்தினாள். கழுத்து வரை ஊற்றிக்கொண்டாள் குப்பாயி. தலைக்கு மட்டும் மாட்டேன் என்றாள்.

"தலைக்கு ஊத்தச் சொல்லாதீங்கம்மா. அந்த வார்த்தையே ஆகாது. நான் ஊத்தாம இருக்கேன்னு சொல்லத்தானே வந்தேன்."

ஆயாவுக்குப் புரிந்து விட்டது. அவளும் பெண். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். அவர் பின்பக்க ஜன்னலில் நின்று ரூலரை நீட்டினார்.

"தலைக்கும் வார். டொக்டர் சொன்னது முழுக்க."

"ஐயா, இவ மாசமாங்க..."

"வார் எண்டால் வார்!"

ஆயா ஊற்றினாள். ராசாத்தி பார்த்துக்கொண்டு நின்றாள். குப்பாயி அழவில்லையாம். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாளாம், தண்ணீர் தலை வழியே உள்ளே இறங்கி விடுமோ என்பது போல.

அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணி குடிக்க ஒபிஸுக்கு வந்தார். வந்ததும் இதைச் சொன்னார். வகுப்பின் வெற்றியாகவே சொன்னார். தோட்டத்துப் பெட்டை ஒருத்தி டொக்டர் முகத்துக்கு நேரே இவ்வளவு இங்கிலீசு பேசியிருக்கிறாள், டொக்டரும் விளங்கிக்கொண்டு உடனே உத்தரவு போட்டார் என்றார். சிரிப்பில் தேத்தண்ணி தளும்பியது.

"அவ மாசமா இருக்கான்னுதாங்க சொல்லியிருக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியாதோ?" என்றார்.

நான் பேனாவை வைத்து விட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தம்பி கதைக்கிறீர்? எனக்கும் பெஞ்சாதி பிள்ளையள் இருக்குது. பாத் எண்டு கேக்கேக்கையே தெரியும்."

"அப்ப டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"டொக்டர் விளங்கினாப் பிறகு நான் என்னெண்டு மாத்திறது? உங்களுக்குப் பிழையா விளங்கிட்டுது எண்டு ஒரு டொக்டருக்குச் சொல்லுறதோ? ஒருக்காக் குளிச்சதால என்ன கெட்டது, நல்லதுதானே." சோசரில் சிந்தியதை உறிஞ்சிக் குடித்தார்.

ஒரு மனிதன் தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் எனக்கு அன்றிலிருந்துதான் பிடிக்காமல் போனது.

மறுநாள் காலை நானே ஒரு துண்டை டைப் அடித்தேன். குப்பாயி, பெண் தொழிலாளி, கர்ப்பிணி, இலேசு வேலை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, அரைக்கதவுக்குக் கொண்டு போனேன். அவர் கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தார். ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அழகாகத் திருத்தினார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

"டொக்டர் பாத்த கேஸ் இது. அவர் பாத் எண்டவர். நான் வேறை எழுதினால் அவருக்கு எதிரா எழுதினதாப் போயிடும். அடுத்த விசிட்டில காட்டுவம்."

பெரிய கிளாக்கரிடம் கொண்டு போனேன். மருந்து சம்பந்தமானது ஆஸ்பத்திரியின் பொறுப்பு, ஒபிஸ் கை வைக்கக் கூடாது என்றார். நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. கங்காணியிடம் சொன்னேன். "துண்டு இல்லாம நான் எப்படிங்க ஐயா? நாளைக்கு வயித்துல இருக்குன்னு எல்லாப் பொம்பளையும் வந்து நிப்பாளுக" என்றார். அதுவும் நடைமுறைப்படி சரி. ஒரு கையெழுத்து இல்லாமல் எல்லோரும் சரியாக இருந்தார்கள்.

அடுத்த மாதம் டொக்டர் வரவில்லை. மழையில் இறம்பொடைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. எங்கள் பக்கமும் கார் ஏறாது என்று தகவல் வந்தது. குப்பாயி ஏழாம் நம்பர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ராசாத்தி தன் கூடையோடு சேர்த்து அவள் கூடையையும் சுமந்து பார்த்தாள். மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கண்டுபிடித்து இரண்டு பேருக்கும் அரைப்பேர் போட்டார், பாதிச் சம்பளம். அதற்கும் அவர்கள் சரி என்றார்கள். ஆனால் மலையைச் சுமக்க ராசாத்தியால் முடியவில்லை.

நடந்தது நடந்தது. அதை விரித்துச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. கம்பளியில் கிடத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். லொறிக்குச் சொல்ல ஓடிய நான் திரும்பி வந்தபோது, அவர்கள் இன்னும் வெளியே வராந்தாவில்தான் இருந்தார்கள். இவர் அரைக்கதவுக்கு உள்ளே. "உள்ளை கொண்டு வராதேங்கோ, நிலம் இப்பதான் கழுவினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கம்பளி மேல் குனியாமல், எட்டிப் பார்த்து, பழக்கத்தில் அதையே கேட்டார்.

"என்ன வருத்தம்?"

வாய் ஓயாத ராசாத்தி அவரை வெறுமனே பார்த்தாள். ஒருவன் மேல் காறித் துப்புவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கார் ஏறாத சுற்றுப் பாதையில் லொறி போய்ச் சேர்ந்தது. நுவரெலியாவில் அவளைக் காப்பாற்றி விட்டார்கள். பிள்ளையை அல்ல. திரும்பி வந்து, லயத்தில் இருந்து, உரிய நாளில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஆளை வேலைக்குச் சேர்ப்பதற்கு முன்னால் டொக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இந்த விதியை மட்டும் இவர் மறக்கவில்லை. பாதை திறந்து டொக்டர் வந்த அன்று குப்பாயி வரிசையில் நின்றாள். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களோடு நானும் அங்கே இருந்தேன். கையெழுத்து விழாத அந்தத் துண்டும் என் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு இனி ஒரு வேலையும் இல்லை.

டொக்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றார். முகம் ஞாபகம் வந்து விட்டது. கிளப்பில் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்த கதை அல்லவா. வாஞ்சையோடுதான் கேட்டார், அதை மறுக்க முடியாது.

"பாத்?"

குப்பாயி நிமிர்ந்தாள். தலைமுடி இன்னும் எண்ணெய்ப் பசையோடு படிந்திருந்தது. கைகட்டிக்கொண்டாள். ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள்.

"பாத், சேர்."

"குட் கேர்ள்!" என்றார் டொக்டர். இவரைத் திரும்பிப் பார்த்து, பாருங்கள், சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள் என்றார்.

"யெஸ் சேர்."

டொக்டர் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அவள் இன்னும் அங்கேயே நின்றாள். அரைக்கதவுக்கு மேலாக ரூலர் நீண்டு வந்து அவள் தோளைத் தட்டியது.

"தேங்க்யூ எங்கை?"

"தேங்க்யூ, சேர்" என்றாள் குப்பாயி.

அவர் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, ரூலரைத் துடைக்கத் தொடங்கினார்.